சுமையோடு வந்த பாம்பு

ஓர் ஊரில் அந்த மண்ணுக்கு உரியதல்லாத பாம்பு ஏதேனும் குடியேறியிருக்கிறதா என்று தேடக் கிளம்புகிறவர்களின் கால்கள், பழக்கத்தால் காட்டுப் பக்கமே திரும்பும். ராஜபாளையத்தில் அது மேற்குத் திசை. மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் கடந்து நீர்காத்த அய்யனார் கோவிலுக்குப் போகும் திசை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என்றால் செண்பகத்தோப்பு. இரண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரம். 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாகவும், பிறகு 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்ட காடு. பாம்புகளைக் காண விரும்புகிறவருக்கு வளமான இடம்தான். ஆனால் அயல் பாம்பு கிடைப்பதற்கு மிகக் குறைந்த வாய்ப்புள்ள இடமும் அதுவே. அயல் பாம்பு தானாக ஊர்ந்து வருவதில்லை; யாரோ ஒருவருடைய சுமையில் ஏறி வருகிறது. ஆகவே அதைத் தேடுகிறவர், சுமைகள் எங்கே இறக்கப்படுகின்றன என்பதை முதலில் கண்டறிய வேண்டும். இந்த அத்தியாயத்தின் வாதம் இவ்வளவுதான். தேடும் முறையும் இதிலிருந்தே கிடைக்கிறது.

எது அயல் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். “இப்படி ஒரு பாம்பை இந்தத் தெருவில் பார்த்ததே இல்லை” என்பது அயல் என்பதற்குச் சான்று ஆகாது. தூரமும் அளவுகோல் ஆகாது. ஓடையில் வெள்ளம் புரண்டு வரும்போது மலையின் ஈரமண்ணில் வாழும் கேடயவால் பாம்பு ஒன்று அடித்து வரப்பட்டுக் கண்மாய்க் கரையில் ஒதுங்கினால், அது இடம் மாறிய பாம்பு; ஆனால் அதைக் கொண்டுவந்தது தண்ணீர். இத்தகைய வரவு மலை தோன்றிய காலத்திலிருந்து நடந்துகொண்டிருக்கிறது. அதே கேடயவால் பாம்பு, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து லாரியில் வந்த செடியின் வேர்மண்ணுக்குள் இருந்து வெளிப்பட்டால் அது வேறு கதை. மனிதக் கை இல்லாமல் அது இங்கே வந்திருக்காது. அந்தக் கை இருந்ததா இல்லையா என்பதே கேள்வி. அப்படி வந்த ஒற்றைப் பாம்பு இரண்டொரு மாதத்தில் செத்துப்போனால் அது ஒரு தற்செயல். குட்டி போட்டோ முட்டையிட்டோ பெருகினால்தான் குடியேற்றம். தேடுகிறவர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், கண்ட ஒவ்வொரு பாம்புக்கும் ஊரைக் கலங்கடிப்பார்.

சுமையைத் தேடச் சொல்வதற்கு உலகம் முழுவதிலிருந்தும் சான்று இருக்கிறது. பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவுக்குப் பழுப்பு மரப்பாம்பு இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவச் சரக்கோடு வந்து சேர்ந்தது. அந்தத் தீவின் காட்டுப் பறவை இனங்களில் பெரும்பாலானவை சில பத்தாண்டுகளில் அங்கே இல்லாமல் போயின. இன்று அந்தப் பாம்பு மற்ற தீவுகளுக்குப் போய்விடாமல் தடுக்கப் பயிற்சி பெற்ற நாய்களை வைத்து விமானங்களிலும் கப்பல்களிலும் ஏறும் பெட்டிகளை மோப்பம் பிடிக்க வைக்கிறார்கள். ஸ்பெயினின் இபிசா தீவில் 2003 முதல் காணப்படும் லாடப் பாம்பு, தோட்டங்களை அழகுபடுத்தப் பெருநிலத்திலிருந்து கொண்டுவந்த முதிய ஆலிவ் மரங்களின் பொந்துகளில் உறங்கியபடியே வந்தது. அது பரவிய பகுதிகளில் தீவுக்கே உரிய பல்லி இனம் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. வேல்ஸ் நாட்டின் கோல்வின் பே என்ற ஊரில் திரியும் எஸ்குலாப்பியன் பாம்புகள் 1970களில் அங்குள்ள விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து தப்பியவற்றின் வழிவந்தவை. இன்றும் அவற்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் காட்சிச்சாலையைச் சுற்றியே தேடுகிறார்கள். புளோரிடாவின் பர்மிய மலைப்பாம்பு, வளர்ப்புக்கென்று இறக்குமதியான பாம்பு. கப்பல், மரம், கூண்டு, கடை என்று வழி ஒவ்வொன்றும் வேறு. எந்த இடத்திலும் அந்தப் பாம்பு தன் வயிற்றால் எல்லை தாண்டவில்லை.

இந்த வரிசையில் எல்லாவற்றையும் மிஞ்சிய பாம்பு நம்முடையது. பூந்தொட்டியைக் கவிழ்த்தால் மண்புழு போல நெளிந்தோடும் புழுப்பாம்பு, உலகப் பாம்புகளிலேயே மிகப் பரந்த நிலப்பரப்பில் வாழ்வது. அதன் நெருங்கிய உறவினங்கள் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பதால் அதன் தாய்மண் இந்தப் பக்கம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அறிவியல் முறையில் அது 1803இல் பெயர் பெற்றதும் விசாகப்பட்டினத்திலிருந்து கிடைத்த விவரத்தைக் கொண்டுதான். இன்று அது ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, அமெரிக்கா என்று வெப்பமான நகரங்கள் எங்கும் குடியிருக்கிறது. நிலத்தில் வாழும் பாம்பே இயற்கையில் இல்லாத ஹவாய்த் தீவுகளில் 1930இல், ஒரு பள்ளி வளாகத்துக்காகப் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த செடிகளின் மண்ணோடு இறங்கியது. 1970களின் இறுதியில் மயாமியில் காணப்பட்டது. அதன் வெற்றிக்குக் காரணம் அதன் உடலிலேயே இருக்கிறது. அந்த இனத்தில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், துணையின்றியே முட்டையிட்டுத் தம்மைப் போன்ற பெண்களையே ஈனுகின்றன. நமக்கும் பெரும்பாலான விலங்குகளுக்கும் குரோமோசோம் இரண்டு தொகுதியாக இருக்க, இதற்கு மூன்று தொகுதி என்பது 1987இல் வெளியான ஆய்விலேயே தெரிந்துவிட்டது. மற்ற பாம்பு ஓர் ஊரில் குடியேற ஆணும் பெண்ணும் சந்திக்க வேண்டும், அல்லது சினையுற்ற பெண் வந்து சேர வேண்டும். இதற்கு ஒரு தொட்டி மண்ணும் அதில் ஒரே ஒரு பாம்பும் போதும்.

ஆகவே தேடுவோர் முதல் பாடத்தைப் புழுப்பாம்பிடம் படிப்பது நல்லது. நஞ்சில்லாதது, எங்கும் கிடைப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறியதும் குளியலறைச் சாக்கடை வழியாகவும் வாசற்படி இடுக்கிலிருந்தும் தானாகவே வெளியே வரும். மற்ற நாட்களில் நிழலான தொட்டிகளின் அடியில், மட்கிய இலைக்குவியலில், செங்கல் அடுக்குக்குக் கீழே, எறும்பும் கறையானும் இருக்கும் ஈரமண்ணில் இருக்கும்; எறும்பு, கறையான்களின் முட்டையும் புழுவும்தான் அதன் உணவு. நீளம் பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கும். மண்புழுவின் உடலில் வளைய வளையமாக வரிகள் தெரியும், மேலே பிசுபிசுப்பு இருக்கும்; புழுப்பாம்பின் உடல் காய்ந்து பளபளக்கும், வரி தெரியாது, கூர்ந்து பார்த்தால் நாக்கை நீட்டுவது புலப்படும். செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண்கள். இன்னொரு புழுப்பாம்பு இனமா இது என்று சந்தேகம் வந்தால், நடு உடலைச் சுற்றிச் செதில் வரிசை இருபது இருக்கிறதா என்று உருப்பெருக்கிப் படத்தில் எண்ண வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு ஒரு கேள்வி பதிலின்றி நிற்கும்: ராஜபாளையத்து மாடித் தோட்டத்தில் கிடைத்த இந்தப் பாம்பு இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக இருந்ததா, போன மாதம் ஆந்திரத்திலிருந்து செடியோடு வந்ததா? பாம்பைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. செடி எங்கே வாங்கியது என்று கேட்டால் ஒருவேளை சொல்லிவிடலாம். வாதத்தின் முழு வலுவும் இந்தச் சின்னப் பாம்பில் இருக்கிறது.

அப்படியானால் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் சுமை எங்கெங்கே இறங்குகிறது? முதலில் நர்சரிகள். தென்னிந்தியச் செடி வணிகத்தில் பெரும்பங்கு ஆந்திரத்தின் கடியத்திலிருந்தும் கேரளத்தின் மண்ணுத்தியிலிருந்தும் கிளம்புகிறது. கருப்பு பாலித்தீன் பைகளில், ஈரமண்ணோடு, லாரியில் நெருக்கி அடுக்கப்பட்டு வருகிறது. பாம்பு முட்டைக்கு இதைவிட இதமான வாகனம் கிடையாது. அடுத்தது மரக்கடையும் மர அறுவை மில்லும். திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகும் நெடுஞ்சாலை, மழை மிகுந்த மலைச்சரிவையும் மழைமறைவான இந்தக் கரிசல், செம்மண் நிலத்தையும் இணைக்கிறது. மரத்தடிகளின் பட்டை இடுக்கிலும் வாழைத்தார்களுக்குள்ளும் குழிவிரியன் போன்ற சிறு பாம்பு பயணம் செய்யக்கூடும். மூன்றாவது நூற்பாலைகளின் பஞ்சுக் கிடங்கு. உள்நாட்டுப் பஞ்சு போதாதபோது வெளிநாட்டுப் பேல்கள் கன்டெய்னரில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வருகின்றன. பேலுக்குள் பாம்பு இருப்பது அரிதுதான், அழுத்திக் கட்டிய பஞ்சில் அதற்கு இடமேது. ஆனால் கன்டெய்னரின் தரைப்பலகைக்கு அடியில் இடம் உண்டு. கிறிஸ்துமஸ் தீவில் 1987இல் முதலில் பதிவான ஓநாய்ப் பாம்பு சரக்கோடு வந்ததாகவே கருதப்படுகிறது. அங்கிருந்த உள்ளூர்ப் பல்லிகளின் அழிவில் அதற்குப் பெரும்பங்கு இருப்பதாகச் சந்தேகிக்கிறார்கள். நம் வீடுகளில் பல்லி தின்று திரியும் வெள்ளிக்கோல் வரையனின் நெருங்கிய உறவு அது. வீட்டில் வாழப் பழகிய பாம்புக்குச் சரக்குப் பெட்டியும் ஒரு வீடுதான்.

இந்த இடங்களில் தேடும் முறை எளிது, ஆனால் பொறுமை கேட்பது. உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள், அவரையே துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நர்சரியில் புதிய சரக்கு இறங்கிய மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன், பைகளைத் தூக்கி அடியைப் பாருங்கள். கையால் அல்ல, நீண்ட கொக்கியால். மூடிய காலணி, முழங்கால் வரை தடித்த துணி, நல்ல டார்ச், செல்பேசி, அளவுகோல் போதும். மரக்கடையில் இரவு ஏழிலிருந்து ஒன்பதுக்குள் டார்ச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அடுக்குகளின் ஓரம் மெதுவாக நடக்கலாம். எதையும் பிடிக்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 நம் பாம்புகளுக்குப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. பிடிப்பதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியின்றி நுழைவதும் குற்றம். அய்யனார் கோவிலுக்குச் சாமி கும்பிடப் போகிறவர் வனத்துறை அனுமதிக்கும் நேரத்தில், அனுமதிக்கும் பாதையில் போய்த் திரும்பலாம். கல்லைப் புரட்டிப் பாம்பு தேடும் இடம் அது அன்று. நம் தேடலுக்கு அங்கே வேலையும் இல்லை.

உள்ளூர்ப் பாம்பை அறியாதவர் அயல் பாம்பைக் காண முடியாது. வெளிநாட்டுப் பாம்பு என்று பரவும் செல்பேசிப் படங்களில் பெரும்பாலானவை உள்ளூர்ப் பாம்புகள்தான் என்று உறுதியாக எதிர்பார்க்கலாம். வெள்ளை நிறத்தில் ஒரு பாம்பு வந்தால் அது நிறமியற்ற நல்லபாம்பாக இருக்கலாம். படமெடுத்தால் சந்தேகம் தீர்ந்தது. தடித்த, திட்டுத்திட்டான, குட்டையான பாம்பு என்றால்தான் கவனம் அதிகம் வேண்டும், ஏனெனில் இங்கே தவறு உயிரைப் பறிக்கும். கண்ணாடி விரியனுக்கு முதுகில் மூன்று வரிசையாக முட்டை வடிவப் புள்ளிகள், முக்கோணத் தலை, சொரசொரப்பான செதில். சொரசொரத்த மண்ணுளிக்கு ஒழுங்கற்ற பழுப்புத் திட்டுகள், கழுத்திலிருந்து பிரித்தறிய முடியாத தலை, சட்டென்று முடியும் குட்டை வால். உள்ளூர் மலைப்பாம்புக் குட்டிக்குத் தலையில் அம்புமுனை போன்ற அடையாளம். வளர்ப்பு வணிகத்தில் வரும் ஆப்பிரிக்க பால் பைத்தானுக்குக் கருப்பு உடலில் வெளிர் பழுப்புத் திட்டுகள் வட்டமாகப் படர்ந்திருக்கும், மேலுதட்டில் வெப்பம் உணரும் குழிகள் வரிசையாகத் தெரியும், பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். அதேபோல் கட்டுவிரியனின் வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரட்டையாக, கழுத்துப் பக்கம் மங்கியும் வால் பக்கம் தெளிந்தும் இருக்கும். வெள்ளிக்கோல் வரையனில் கோடு கழுத்துப் பக்கம் தெளிந்து பின்னால் மங்கும். இது விதி என்று நம்பிக் கிட்டப் போக வேண்டாம். சந்தேகம் இருக்கும் வரை எல்லாப் பாம்பையும் நஞ்சுள்ளதாகவே கொள்ள வேண்டும்.

செடிக்கும் மரத்துக்கும் அடுத்தபடியாக, வரும் ஆண்டுகளில் மிகுதியாகக் கவனிக்க வேண்டியது வளர்ப்பு வணிகம். பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் இறங்கும் பயணிகளின் பைகளில் பால் பைத்தான் உள்ளிட்ட உயிருள்ள பாம்புகளைச் சுங்கத்துறை பலமுறை பறிமுதல் செய்திருக்கிறது. பிடிபட்டது இவ்வளவு என்றால் பிடிபடாதது உண்டு என்பது தெளிவு. 2022இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல் விலங்கை வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்தாக வேண்டும். பால் பைத்தான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. வளர்ப்போர் விரும்பும் இன்னொரு பாம்பான கார்ன் ஸ்னேக் அதில் இல்லை. பதிவேட்டில் வராத பாம்பு தப்பினால் யாரும் தேடமாட்டார்கள். கார்ன் ஸ்னேக்கோ புளோரிடாவிலிருந்து போன அலங்காரச் செடிகளோடு கரீபியன் தீவுகள் சிலவற்றில் ஏற்கெனவே குடியேறிக் காட்டியது. பாம்பில் இதுவரை நமக்கு நேராதது ஆமையில் நேர்ந்துவிட்டது: கண்ணாடித் தொட்டிக்கென்று வாங்கிய அமெரிக்கச் செங்காது ஆமைகள், வளர்ந்து பெரிதானதும் குளங்களில் விடப்பட்டு, கேரளத்தின் திருச்சூர் உட்பட இந்திய நகரங்களின் நீர்நிலைகளில் நீந்துகின்றன. பால் பைத்தானின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளி. எலி வளையில் ஒடுங்கி வறட்சியைக் கடத்தும் பழக்கமுடையது. அய்யனார் கோவில் ஓடையின் ஈரக் காட்டைவிட, ஊரோரத் தரிசும் எலி மிகுந்த கிடங்கும்தான் அதற்கு ஒத்துவரும் என்று எதிர்பார்ப்பது நியாயம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மலை இவ்வளவு அருகே இருக்கும்போது, தெரியாத பாம்பு ஒன்று ஊருக்குள் வந்தால் மலையிலிருந்து இறங்கியது என்று கொள்வதுதானே இயல்பு, அதற்கு ஏன் லாரியையும் கன்டெய்னரையும் தேட வேண்டும் என்பார்கள். மறுப்பில் பாதி உண்மை. மலைப்பாம்பும் சாரையும் நல்லபாம்பும் மலைக்கும் ஊருக்கும் பொதுவானவை. தோப்பு வழியாக இறங்கி வருவதற்குத் தடையே இல்லை. ஆனால் மழைக்காட்டின் ஈரத்தை நம்பி வாழும் சிற்றினங்களால், கோடையில் வெடித்துக் கிடக்கும் நிலத்தைத் தாண்டி நகரின் நடுவே வர இயலாது. அவற்றில் ஒன்று ஓடையோரமோ கண்மாய் ஓரமோ, பெருமழைக்குப் பின் கிடைத்தால் மலைக் கணக்கில் எழுதலாம். ஓடையே இல்லாத தெருவில், பங்குனி வெயிலில், மரக்கடைக்குப் பின்னால் கிடைத்தால் மரத்தைத்தான் கேட்க வேண்டும். இடமும் நாளும் சேர்ந்தே சான்றாகின்றன. பாம்பின் படம் மட்டும் பாதிச் சான்று.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இத்தனை காலம் யாரும் பார்க்கவில்லை, ஆகவே அயல் பாம்பு இங்கே இல்லை, இல்லாததைத் தேடுவானேன் என்பது. பார்க்கவில்லை என்பதிலிருந்து இல்லை என்பதற்குத் தாவ முடியாது என்று புளோரிடா காட்டுகிறது. ஆளைவிட நீளமான பர்மிய மலைப்பாம்பு, பயிற்சி பெற்றவர்கள் பக்கத்திலேயே நடந்தாலும் நூற்றில் ஒரு முறைகூடக் கண்ணில் படுவதில்லை என்று அங்கே கணக்கிட்டிருக்கிறார்கள். அது பெருகிவிட்டது என்று 2000 வாக்கில் ஒப்புக்கொண்டபோது ஒழிக்கும் காலம் கடந்துவிட்டிருந்தது. தேடுவதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. நம் மருத்துவமனைகளில் தரப்படும் நஞ்சுமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சுக்கு எதிராகத் தயாரானது. ஈரமலைச் சரிவில் வாழும், மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு குழிவிரியன் கடித்தால் அது பயன்தராது. அப்படி ஒன்று வாழைத்தாரோடு சந்தைக்கு வருகிறதா என்று தெரிந்திருப்பது, கடிபட்டவரைப் பார்க்கும் மருத்துவருக்கு உதவும். ஆனால் கடிபட்டவரை வைத்துக்கொண்டு பாம்பைத் தேடி நேரம் கடத்தக் கூடாது. 108ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும்.

இதுவரை ஊருக்குள் வரும் சுமையைப் பார்த்தோம். ஊரிலிருந்து வெளியே போகும் சுமை ஒன்றும் இருக்கிறது. இந்த மண்ணில் பாம்புகளை மனிதக் கை இடம் மாற்றும் வழிகளில் அதுவே மிகப் பெரியது என்பது என் கணிப்பு. வீட்டுக்குள் பாம்பு வந்தால் தீயணைப்பு நிலையத்தையோ பாம்பு பிடிப்பவரையோ அழைக்கிறோம். பிடிபட்ட பாம்பு வனப்பகுதியில் விடப்பட்டது என்ற வரியோடு செய்தி முடியும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வனப்பகுதி என்றால் இந்த அடிவாரம்தான். கொல்லாமல் விடுவது பெரும் மாற்றம், அதைச் சாதித்தவர்களின் தைரியத்துக்கும் கருணைக்கும் தலைவணங்க வேண்டும். ஆயினும் நூற்பாலைக் குடியிருப்பில் எலி தின்று வளர்ந்த நல்லபாம்புக்கு அய்யனார் கோவில் காடு அந்நிய நிலம். அதன் வளை, இரை கிடைக்கும் மூலை, வெயில் காயும் கல் எதுவும் அங்கே இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், இடம் மாற்றி விடப்பட்ட கிலுகிலுப்பை விரியன்களில் பாதிக்கு மேல் ஆய்வுக் காலத்திலேயே இறந்தன. உள்ளூர் விரியன்களில் இறந்தது பத்தில் ஒன்றளவே. 1999இல் வெளியான முடிவு அது. ஹாங்காங்கில், மக்கள் குடியிருப்பில் பிடித்துக் காட்டில் விடப்பட்ட பச்சைக் குழிவிரியன்களும் உள்ளூர் விரியன்களைவிட அதிகம் இறந்தன. கர்நாடகத்தின் ஆகும்பேயில், ரேடியோ பொருத்திக் கண்காணித்தபோது, பெயர்த்து விடப்பட்ட ராஜநாகம் உள்ளூர் ராஜநாகத்தைவிட வெகுதூரம் அலைந்து திரிந்தது. அலையும் பாம்பு சாலையைக் கடக்கும், தோப்புக் காவலாளியின் குடிசைக்குள் நுழையும். நகரத்துப் பாம்பின் உடலில் உள்ள ஒட்டுண்ணியும் நோயும் காட்டுப் பாம்புக்குத் தொற்றும் ஆபத்து வேறு.

வேறென்ன செய்ய முடியும், பிடித்த வீட்டு வாசலிலேயே விட முடியுமா என்று பாம்பு பிடிப்பவர்கள் கேட்பது நியாயம். வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார், மறுநாள் அதே பாம்பு வந்தால் அடித்துக் கொல்வார். இதற்கு நடுவழி ஒன்று உண்டு. பிடித்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள், ஆள் நடமாட்டம் குறைந்த ஓடைக்கரையோ முள்புதரோ கண்மாய்க் கரையோ பார்த்து, அன்றைக்கே, இருட்டும் நேரத்தில் விடலாம். பாம்புக்குத் தெரிந்த நிலத்தின் விளிம்பில்தான் அது இருக்கும். வீட்டுக்குள் வரவைத்த எலியையும் தவளையையும் குப்பையையும் அகற்றினால் அது திரும்பி வரக் காரணமும் குறையும். சிறு ஊர்களில் இது எளிது. ராஜபாளையத்தின் நெருக்கமான தெருக்களில் கடினம்தான், அங்கே வனத்துறையின் முடிவுக்கு விட்டுவிடலாம். ஆனால் எந்த நிலையிலும் கூடாதது ஒன்று: இனம் தெரியாத பாம்பைக் காட்டில் விடுவது. அது தப்பிய வளர்ப்புப் பாம்பாக இருந்தால், வெளியே இருந்த ஆபத்தை நாமே காப்பகத்துக்குள் கொண்டுபோய் வைத்தவர்கள் ஆவோம். கூண்டில் வளர்ந்த மலைப்பாம்பு வகைகளில் பரவும் நோய்கள் சில, நம் மலைப்பாம்புக்குப் புதியவையாக இருக்கும்.

ஆகவே சந்தேகத்துக்குரிய பாம்பைக் கண்டால் வரிசை இதுதான். ஆட்களை விலக்குங்கள், வாளியாலோ கூடையாலோ மூடக்கூட முயல வேண்டாம், மூன்று மீட்டருக்கு அப்பாலிருந்து தலை, நடு உடல், வால் மூன்றும் தெரியப் படமெடுங்கள். வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லி, அவர்கள் வரும் வரை பாம்பு எங்கே போகிறது என்று பார்வையால் மட்டும் தொடருங்கள். பிறகு குறிப்பேட்டில் நாள், நேரம், தெரு, அன்றைய மழை, அருகில் உள்ள ஓடை அல்லது கண்மாயின் தூரம் ஆகியவற்றை எழுதுங்கள். அதற்குக் கீழே, கடந்த ஒரு மாதத்தில் அந்த வளாகத்தில் என்ன சரக்கு இறங்கியது, எந்த ஊரிலிருந்து, எந்த வாகனத்தில் என்று கேட்டு எழுதுங்கள். செத்துக் கிடந்த பாம்பானாலும் இது வேண்டும். உடலை வனத்துறையிடம் ஒப்படையுங்கள், செதில் எண்ணவும் மரபணு பார்க்கவும் பயன்படும். ஒரே இனம் அதே கிடங்கில் இரண்டாவது முறை, அதுவும் குட்டியாகக் கிடைத்தால், அந்தச் சரக்கு எங்கிருந்து கிளம்புகிறதோ அந்த ஊரின் பெயரையும் சேர்த்து எழுதி அன்றைக்கே வனத்துறைக்குக் கடிதம் கொடுங்கள்.